ஆக்சில் நட்டு அசையாவிட்டால்

முன்சக்கர ஆக்சில் மாற்றும் வேலையில் பாதி நேரத்தை ஒரே ஒரு நட்டு தின்றுவிடும். சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினால் தெரிகிற அந்தப் பெரிய நட்டுதான் அது. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், ஸ்ட்ரட் போல்ட்டு எல்லாம் சாதாரண ஸ்பேனருக்கே வழிவிடும். இது விடாது. விடாதபோது, வீட்டு வாசலில் தன் காரைத் தானே பார்ப்பவரும் சரி, பட்டறைக்குப் புதிதாக வந்த பையனும் சரி, முதலில் இன்னும் பலமாக அழுத்துகிறார்கள், அடுத்து சுத்தியலை எடுக்கிறார்கள். செலவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மரை போகும், பேரிங் போகும், சில சமயம் கைவிரலும் நசுங்கும்.

அந்த நட்டு அசையாததற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். லாக் இன்னும் முழுசாக எடுபடவில்லை, அல்லது துரு கவ்வியிருக்கிறது, அல்லது கையில் இருக்கும் கம்பி நீளம் போதவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் பலத்தைக் கூட்டக் கூடாது. தெரிந்துவிட்டால் ஐம்பது கிலோ எடையுள்ள ஐ.டி.ஐ. மாணவிகூட ஆர்ப்பாட்டம் இல்லாமல் அதைக் கழற்றிவிடலாம். அது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இவ்வளவு இறுக்கம்?

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் எஞ்சினின் சக்தி பின்சக்கரத்துக்குத்தான் போனது. முன்சக்கரம் திரும்புவதற்கு மட்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் இது மாறியது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் வந்த சான்ட்ரோ தொடங்கி, இன்று நம் தெருக்களில் ஓடும் ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10, ஐ20, குவிட் வரை சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரமே இழுக்கிறது, முன்சக்கரமே திரும்புகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய உதவுவது சி.வி. ஜாயிண்ட் வைத்த டிரைவ் ஷாஃப்ட். அதைத்தான் பட்டறையில் ஆக்சில் என்கிறோம்.

அந்த ஷாஃப்ட்டின் வெளிமுனை பல் வெட்டப்பட்டு ஹப்புக்குள் நுழைகிறது. முனையில் மரை. அந்த மரையில் ஏறுவதுதான் நம் நட்டு. சக்கரம் கழன்று போகாமல் பிடிப்பது மட்டுமே அதன் வேலை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பல கார்களில் அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு. ஹப் பேரிங்கின் உள்வளையங்களை நெருக்கிப் பிடித்து, பேரிங் ஆடாமல் வைத்திருப்பது அந்த நட்டுதான். அதனால்தான் இவ்வளவு இறுக்கம். சின்னக் காரின் வீல் நட்டுக்கு ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும். ஆக்சில் நட்டுக்கு அதில் இரண்டு மடங்கு. ஹோண்டா சிவிக்கின் பல மாடல்களுக்கு 181, டொயோட்டா கொரோலாவின் பல மாடல்களுக்கு 216. பெரிய கார்களில் 300ஐ நெருங்கும். இது புதிதாக இறுக்கும்போது உள்ள கணக்கு. எட்டு மழைக்காலம் பார்த்த நட்டு கழலும்போது இதைவிட அதிகம் கேட்கும்.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரப் பகுதிகள் இங்கெல்லாம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னும் அதிகம். கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டொராண்டோவில் ஓடிய ஒரு காரின் அடிப்பாகத்தையும் கோயம்புத்தூரில் ஓடிய அதே வயதுக் காரின் அடிப்பாகத்தையும் பார்த்தால் ஒரே வண்டி என்று சொல்ல முடியாது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது ‘கட் கட் கட்’ என்று சத்தம் வந்தால் வெளி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் இன்னும் வரவில்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது என்றால் கிரீஸும் பூட்டும் மாற்றினாலே போதும். எதுவானாலும் நட்டைக் கழற்றியாக வேண்டும். ஆனால் ஷாஃப்ட்டே போகப்போகிறதா, பழைய ஷாஃப்ட் திரும்ப ஏறப்போகிறதா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பழையது திரும்ப ஏறுமானால் அதன் மரை உங்களுக்கு உயிர். போகப்போகிறது என்றால் மரை கொஞ்சம் அடிபட்டாலும் கவலையில்லை. அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொன்றையும் இந்த முடிவுதான் தீர்மானிக்கும்.

புது ஷாஃப்ட்டைக் கடையில் வாங்கும்போது நீளம், பல் எண்ணிக்கை, ஏ.பி.எஸ். வளையம் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும் கூடவே ஒரு புது ஆக்சில் நட்டும் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லாக்கைப் பாருங்கள்

அசையாத நட்டுகளில் பாதிக்கு மேல் லாக் எடுக்காத நட்டுகள் என்பது என் கணிப்பு. ஆகவே ஸ்பேனரை எடுக்குமுன் ஒயர் பிரஷ்ஷால் நட்டையும் வெளியே நீட்டியிருக்கும் மரையையும் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். லாக் என்ன வகை என்று அப்போது தெரியும்.

பழைய சில மாடல்களில் கிரீடம் போல வெட்டுள்ள நட்டும், அதன் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். பின்னின் கால்களை நிமிர்த்தி இழுத்தால் வந்துவிடும். துருப்பிடித்து முறிந்தால் மிச்சத்தைப் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரு துண்டு உள்ளே நின்றாலும் நட்டு திரும்பும்போது மரையை அது உழுதுவிடும்.

மாருதி, ஹோண்டா, டொயோட்டா என்று பல கார்களில் இருப்பது வேறு வகை. நட்டின் தலையில் மெல்லிய கழுத்து இருக்கும். ஷாஃப்ட்டின் முனையில் ஒரு காடி வெட்டியிருக்கும். நட்டை இறுக்கியபின் அந்தக் கழுத்தைப் பஞ்சால் அடித்துக் காடிக்குள் மடக்கிவிடுவார்கள். பட்டறையில் ‘லாக் அடிப்பது’ என்பது இதைத்தான். இங்கேதான் அவசரம் காட்டுகிறோம். காடிக்குள் மண்ணும் துருவும் அடைந்திருப்பதால் மடங்கிய பகுதி கண்ணுக்கே தெரியாது. கூரான சின்ன உளி அல்லது கழித்துப் போட்ட பழைய ஸ்க்ரூ டிரைவரைக் காடியின் ஓரமாக, மடங்கிய உதட்டுக்கு அடியில் செருகி, லேசாகத் தட்டித் தட்டி மேலே நிமிர்த்துங்கள். உளியை மரைமேல் வைக்காதீர்கள். காடியின் அடித்தளம் தெரியும்வரை நிமிர்த்த வேண்டும். பாதி நிமிர்த்திவிட்டு ‘போதும், நட்டு திரும்பும்போது அதுவே நிமிர்ந்துகொள்ளும்’ என்று விடுகிறவர்கள் உண்டு. சில நேரம் நிமிரும். நிமிராதபோது அந்த இரும்பு உதடு மரையைச் சுரண்டிக்கொண்டே வந்து, பாதி வழியில் நட்டும் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஷாஃப்ட்டைக் கழித்துப் போடுவதாக இருந்தாலும் லாக்கை முழுசாக எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

லாக்கே வெளியில் தெரியாத நட்டும் உண்டு. நைலான் வளையம் வைத்தவை, அல்லது மரையையே கொஞ்சம் நெளித்துச் செய்தவை. அவை கடைசிச் சுற்று வரை இறுக்கமாகவே வரும். அதைத் துரு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகள் சிலவற்றில் நட்டுக்குப் பதிலாகப் போல்ட்டே இருக்கும். சிலவற்றுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டும். வண்டியைப் பார்க்காமல் சாக்கெட் வாங்காதீர்கள்.

திருப்பும் திசையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் வலது மரைதான். சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். இடதுபக்கச் சக்கரத்துக்கு மாற்றித் திருப்ப வேண்டும் என்று சிலர் பழக்கத்தில் சொல்வார்கள். மரையின் சாய்வைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டால் அந்தச் சந்தேகமே வராது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள்

வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றியபின் ஆக்சில் நட்டை நினைப்பது பெரிய தப்பு. ஹப் சுழலும், கம்பியை அழுத்த அழுத்த வண்டி ஆடும். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் பக்கவாட்டில் முழுப் பலத்தோடு தொங்குவது உயிரோடு விளையாடுவது.

சரியான முறை இது. சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்சக்கரத்தின் நடு மூடியை மட்டும் எடுங்கள். வீட்டில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கால் பிரேக்கை முழுசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், முன் ஹப்புக்கு அது உதவாது. ஆட்டோமேட்டிக் வண்டியை பி-யில் போட்டுவிட்டு அதை நம்பி நட்டைத் திருப்புவதும் கூடாது. கியர் பெட்டிக்குள் அதைப் பிடித்து நிற்பது ஒரு சின்னப் பல்தான். அதன்மேல் அந்த விசை முழுவதையும் ஏற்றாதீர்கள்.

அலாய் வீலாக இருந்தால் நடு ஓட்டை சிறியது, சாக்கெட் நுழையாது. அப்போது ஸ்டெப்னியை எடுங்கள். பல வண்டிகளில் ஸ்டெப்னி இரும்புச் சக்கரமாக இருக்கும், நடு ஓட்டை பெரியது. அலாயைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு இளக்குங்கள். கால்மணி நேரம் கூடுதலாகும். அந்த நேரம் வீணல்ல.

கம்பி உங்கள் இடது பக்கம், கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி மாட்டுங்கள். கையை நேராக நீட்டி, உடம்பின் எடையைச் சாய்த்து, கீழ்நோக்கி அழுத்துங்கள். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இதே கணக்குதான். எகிறிக் குதித்து மிதிக்காதீர்கள். சாக்கெட் நழுவினால் முழங்கால் போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தரையில் இருக்கும்போது நட்டை இளக்க மட்டும் வேண்டும், கால் சுற்று போதும். முழுசாகக் கழற்றக் கூடாது. நட்டு இல்லாமல் வண்டியின் எடை ஹப்பின்மேல் நின்றாலோ, வண்டியைத் தள்ளி நகர்த்தினாலோ, நெருக்கிப் பிடிக்க ஆளில்லாத பேரிங் கெட்டுப்போகும். இளகியதும் ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, அதன்பிறகே மீதியைக் கழற்றுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. அவை நொறுங்குமுன் சத்தம் கொடுப்பதில்லை.

கம்பியின் கணக்கு

ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 25 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் கிடைப்பது ஏறத்தாழ 245 நியூட்டன் மீட்டர். அதே அழுத்தம் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 74 மட்டும்தான். பத்துப் பேரைக் கூப்பிடுவதைவிடக் கம்பியை நீட்டுவது நல்லது. மெக்கானிக் வேலைக்கு உடம்பில் முரட்டுப் பலம் வேண்டும் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை ஐ.டி.ஐ.யின் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடப் படிப்பு அது. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது நெம்புகோலை எங்கே பிடிப்பது என்பதுதான்.

சாக்கெட்டைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். ஆக்சில் நட்டுக்கு 30, 32, 36 மில்லிமீட்டர் அளவுகள் பரவலாக இருக்கின்றன. அறுகோண நட்டுக்கு ஆறு முனை சாக்கெட்டே வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளில் மட்டும் பிடிக்கும், மூலை மழுங்கினால் கதை முடிந்தது. ஓப்பன் ஸ்பேனர், பைப் ரெஞ்ச் இரண்டும் இந்த நட்டுப் பக்கமே வரக் கூடாது. கம்பிக்கு அரை இஞ்ச் சதுரத்தைவிட முக்கால் இஞ்ச் நல்லது. ரேச்செட்டில் பைப்பைச் செருகி இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் பற்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. திடமான பிரேக்கர் பாரில், அதன் கைப்பிடி முழுவதும் உள்ளே போகும்படி நல்ல கனமான பைப்பைச் செருகலாம். எக்ஸ்டென்ஷன் போட்டே ஆக வேண்டுமென்றால் மிகக் குட்டையானதைப் போட்டு, அதன் வெளிமுனைக்கு அடியில் ஒரு ஸ்டாண்டை முட்டுக் கொடுங்கள். சாக்கெட் கோணலாகாமல் நிற்கும். நட்டு கழலாத பல நேரங்களில் இந்த முட்டு ஒன்றே வேலையை முடித்துவிடும்.

கம்பிக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவது, கம்பியைத் தரையில் முட்டவைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து நட்டை இளக்கப் பார்ப்பது, இரண்டையும் சிலர் தந்திரம் என்று சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். முதலாவதில் நட்டுக்கு முன்னால் வண்டி எழும்பிவிடும். இரண்டாவதில் கம்பி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

துரு கவ்வியிருந்தால்

எண்ணெய்க்கு நேரம் கொடுக்க வேண்டும். அடித்தவுடன் திருப்பினால் பலன் இல்லை. முதல் நாள் மாலையில் மரையும் நட்டும் சேரும் இடத்தில் அடித்து, இரவில் இன்னொரு முறை, காலையில் இன்னொரு முறை என்று ஊறவிடுங்கள். எல்லோர் கையிலும் இருக்கும் டபிள்யூ.டி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. பெயரிலேயே அது இருக்கிறது. சின்னத் துருவுக்கு அது போதும். கெட்டியான துருவுக்கு, துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய் இன்னும் நல்லது. எதுவானாலும் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் துணி மறைப்பு கொடுங்கள்.

ஊறியபின் ஒரு சின்ன உபாயம். கழற்றும் திசையில் இழுக்குமுன் இறுக்கும் திசையில் மிக லேசாக ஒரு அழுத்து, பிறகு கழற்றும் திசையில். துருவின் பிடி இப்படி உடையும். நட்டு அசைந்து, பாதி வழியில் மறுபடி இறுகினால், இன்னும் பலமாக இழுக்காதீர்கள். அரைச் சுற்று திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் அடித்து, மறுபடி வெளியே எடுங்கள். முன்னும் பின்னுமாகப் போனால் துருத்தூள் வெளியேறும்.

இம்பாக்ட் கன் இருந்தால் வேலை எளிது என்பது உண்மை. பேட்டரியில் ஓடும் நல்ல கன்கள் இப்போது சின்னப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. அது விட்டுவிட்டு அடிக்கும் அடியில் துரு உதிரும். ஹப்பைப் பிடித்துக்கொள்ள ஆள்கூடத் தேவைப்படாது. ஆனால் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் மட்டும்தான் போட வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் கன்னின் அடி தாங்காமல் தெறிக்கும், தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி இல்லாமல் கன்னைத் தொடாதீர்கள். நீள எக்ஸ்டென்ஷன் போட்டால் அடியின் வேகம் பாதி அதிலேயே செத்துவிடும். சில நொடிகள் விட்டுவிட்டு அடித்துப் பார்த்தும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு லாக்கை இன்னொரு முறை பாருங்கள்.

தீயைப் பற்றி என் கருத்து கறாரானது. வீட்டில் வேண்டாம். நட்டைச் சூடாக்கினால் விரிந்து இளகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நட்டுக்கு ஓரிரு விரல் தூரத்தில் பேரிங்கின் ரப்பர் சீலும் கிரீஸும் இருக்கின்றன. பல புதிய கார்களில் ஏ.பி.எஸ். சென்சார் படிக்கும் காந்த வளையம் அந்தச் சீலிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே பிரேக் ஹோஸ். இரவெல்லாம் நீங்கள் அடித்த எண்ணெயும் தீப்பற்றும். பேரிங்கையும் சேர்த்து மாற்றுவது என்று முடிவான பின், அனுபவமுள்ளவர் முன்னிலையில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கப் பட்டறையில் செய்யும் வேலை அது.

எதற்கும் மசியாத நட்டை வெட்டலாம். கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டு, நட்டின் ஒரு பக்கத்தில் மரையைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால்வரை வெட்டி, வெட்டில் உளி வைத்து அடித்தால் நட்டு பிளந்து இளகும். ஏ.பி.எஸ். ஒயரையும் பிரேக் ஹோஸையும் தகரம் வைத்து மறையுங்கள். முகக்கவசம் போடுங்கள். எண்ணெய்த் துணியைத் தள்ளிப் போடுங்கள். புது ஷாஃப்ட் போடப்போகும் வண்டிக்கு இது நேர்மையான, மலிவான வழி. பழைய ஷாஃப்ட் திரும்ப ஏற வேண்டிய வண்டிக்கு இதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

நட்டு வந்தது, ஷாஃப்ட் வரவில்லை

ஹப்பின் பல்லில் ஷாஃப்ட் துருவோடு ஒட்டிக்கொண்டிருப்பது அடுத்த தலைவலி. சுத்தியலால் நேராக முனையில் அடித்தால் மரை பூப்போல விரிந்துவிடும். அந்த அடி அப்படியே பேரிங்கின் குண்டுகளில் போய் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பேரிங் முனக ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பழைய நட்டை முனைக்குச் சமமாக ஏற்றிவிட்டு, மரக்கட்டை அல்லது பித்தளை வைத்து இரண்டு மூன்று தட்டு தட்டலாம். அதற்கு மேல் வேண்டியிருந்தால் புல்லர் போட்டுத் தள்ளுங்கள். புல்லரை இறுக்கிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். ‘டப்’ என்று விடும்.

ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், உள்பக்க ஜாயிண்ட் பிரிந்துவிடும். கியர் பெட்டிப் பக்கம் நெம்பி எடுக்கும்போது ஆயில் ஒழுகும், அடியில் பாத்திரம் வையுங்கள், ஆயில் சீலையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். இவையெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் அவசரத்தில் மறப்பவை.

திரும்ப இறுக்குவதுதான் முக்கியமான வேலை

கழற்றுவதில் இவ்வளவு கவனம் காட்டியவர்கள் இறுக்கும்போது கன்னை வைத்து ‘டர்ர்’ என்று ஓட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்கின் ஆயுள். குறைந்தால் பேரிங் ஆடித் தேயும். மிகையானால் மரை இழுபட்டு, அதுவும் ஒரு நாள் கைவிடும்.

புது நட்டு போடச் சொன்னேன் அல்லவா? லாக் அடித்த நட்டின் கழுத்து ஒரு முறை மடங்கி நிமிர்ந்தால் அங்கே இரும்பு சோர்ந்துவிடும். மறுபடி இறுக்கும்போது மடங்கிய அதே இடம் காடிக்கு நேராக வந்து நின்றால் அடிக்க அங்கே உறுதியான இரும்பே இல்லை. நைலான் வைத்த நட்டுக்கும் பிடி தளர்ந்திருக்கும். தயாரிப்பாளர்கள் பலரும் இந்த நட்டை ஒரு முறைக்கு மட்டும் என்றே சொல்கிறார்கள். கிரீட நட்டானால் ஸ்பிளிட் பின்னாவது புதிதாக இருக்க வேண்டும்.

மரையையும் பல்லையும் ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது நட்டைக் கையால் ஏற்றுங்கள். கையாலேயே ஓடாத நட்டை ஸ்பேனரால் ஓட்டாதீர்கள். மரை மாறி ஏறியிருக்கலாம். நைலான் நட்டு மட்டும் விதிவிலக்கு, வளையத்தைத் தொட்டதும் அது இறுகத்தான் செய்யும். பிறகு, வண்டி மேலே இருக்கும்போதே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஓரளவு நன்றாக இறுக்குங்கள். அதற்கு முன் வண்டியின் எடையைத் தரையில் இறக்கக் கூடாது. இறக்கியபின் டார்க் ரெஞ்ச்சால் உங்கள் மாடலுக்கான கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சில வண்டிகளுக்குக் குறிப்பிட்ட அளவு இறுக்கியபின் குறிப்பிட்ட டிகிரி திருப்பச் சொல்லியிருப்பார்கள், அதையும் அப்படியே செய்யுங்கள். கடைசியில் காடிக்கு நேராகக் கழுத்தை உருண்டை முனைப் பஞ்சால் அடித்து மடக்குங்கள். கூரான உளியால் அடித்தால் கழுத்து கிழியும்.

டார்க் ரெஞ்ச் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் அரை இஞ்ச் ரெஞ்ச் பலவும் 210 நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடும். ஆக்சில் நட்டுக்கு 300 வரை போவதாகப் பார்த்து வாங்குங்கள். அதைக் கொண்டு நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துப் பெட்டியில் போடுங்கள்.

பட்டறையில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு

இதையே தொழிலாகச் செய்யப்போகிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். முதல் சம்பளத்தில் கண்ணாடி வாங்குங்கள். அடுத்து ஆறு முனை இம்பாக்ட் சாக்கெட், முக்கால் இஞ்ச் கம்பி, பிறகு டார்க் ரெஞ்ச். இம்பாக்ட் கன் கடைசியில் போதும். கம்பியில் கழற்றிப் பழகிய கைக்கு நட்டு இளகுவதும் மரை கிழிவதும் வேறு வேறாகத் தெரியும். கன்னிலேயே தொடங்கிய கைக்கு அது தெரியப் பல வருடம் ஆகும்.

வண்டிக்காரரிடம் வேலை தொடங்குமுன் பேசுங்கள். ‘சார், இந்த நட்டு ரொம்பத் துருப்பிடிச்சிருக்கு. ஷாஃப்ட் ஒட்டியிருந்தா பேரிங்கும் போக வாய்ப்பு இருக்கு. அப்படி ஆச்சுன்னா இவ்வளவு கூடும். ஆரம்பிக்கலாமா?’ என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால் பின்னால் தகராறு இல்லை. பேரிங் போனபிறகு சொன்னால், நீங்கள் கெடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைப்பார். அவர் நினைப்பதில் தவறும் இல்லை. துருப்பிடித்த நட்டின் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். கூலி சொல்லும்போது சுத்தமான வண்டிக்கும் துருப்பிடித்த வண்டிக்கும் ஒரே தொகை சொல்லாதீர்கள், நேரம் இரண்டு மடங்காகலாம். இளக்கிய நட்டோடு ஒரு வண்டி நிற்கும்போது சாப்பாட்டுக்குப் போவதென்றால் ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போங்கள். தெரியாமல் யாராவது அதை நகர்த்திவிடக் கூடாது.

வீட்டில் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றி முடித்து சிறிது தூரம் மெதுவாக ஓட்டியபின், சக்கரத்தை மறுபடி ஜாக்கியில் ஏற்றி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றினால் முனகல் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.

இந்த வேலையைப் பட்டறையில் கொடுத்துச் செய்பவர்கள், வண்டியை எடுக்கும்போது பில்லில் புது ஆக்சில் நட்டு இருக்கிறதா என்று பாருங்கள், எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கினார்கள் என்று கேளுங்கள், பழைய நட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.